பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் எடுத்தால் என்னென்ன படிக்க வேண்டியிருக்கும்? மகள் கடலூரில் பத்தாவது படிக்கிறாள்.

பத்தாவது வரை அறிவியல் ஒரே தாள். செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. பதினொன்றில் அது இயற்பியல், வேதியியல் எனப் பிரிந்துவிடும். கூடவே கணிதமும் உயிரியலும், அல்லது கணிதமும் கணினி அறிவியலும். கணிதம் வேண்டாம் என்பவர்களுக்குத் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக உள்ள பிரிவு இருக்கிறது. மருத்துவத்துக்கு அது போதும். பொறியியல் ஆசை துளியாவது இருந்தால் கணிதத்தை விடாதீர்கள்.

பலரும் அசட்டையாக விடுவது செய்முறையைத்தான். செய்முறை உள்ள ஒவ்வொரு பாடத்திலும் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டில் (அளவுக்கோடுகள் உள்ள, சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்) ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலை ஊற்றித் தரம்பார்க்க, அதாவது குடுவையில் உள்ள கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வினை முடிந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி தனியாகத் தேவையில்லை. குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நின்றால் அதுதான் முடிவு. ஒரு சொட்டு கூடினாலும் அடர்ந்துவிடும். இந்தக் கைப்பழக்கம் கைடு படித்து வராது.

பன்னிரண்டில் மின்காந்தத் தூண்டல் வரும்போது நெய்வேலி அனல்மின் நிலையத்தைச் சொல்லிக் கொடுங்கள்: பழுப்பு நிலக்கரி எரிந்து, நீராவி டர்பைனைச் சுழற்ற, ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது. தாவரவியலில் வரும் சுவாச வேர்களை, அதாவது காற்றுக்காகச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் வேர்களை, பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுச் சேற்றிலேயே பார்க்கலாம். நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இது அதிர்ஷ்டம்தான்.

புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அங்கே இப்போது சிபிஎஸ்இ. புத்தகமும் மதிப்பெண் பிரிப்பும் வேறு, முன்பே விசாரித்துவிடுங்கள்.