தோட்டம் தொடர்பான வாசகர் கேள்விகள்: உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கடந்த சில மாதங்களில் வந்த கடிதங்களில் பல, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் ஐந்தைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கம் வீட்டைச் சுற்றி எங்களுக்கு இரண்டு ஏக்கர் இடம் இருக்கிறது. அதில் ஒன்றேகால் ஏக்கர் புல்வெளி. நடுவே தென்னையும் சில்வர் ஓக்கும் நிற்கின்றன. தள்ளிக்கொண்டு போகும் 21 அங்குல இயந்திரத்தால் வெட்டி முடிக்க இரண்டு காலைப் பொழுதுகள் ஆகின்றன. உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், 24 குதிரைத்திறனும் 54 அங்குல வெட்டகலமும் உள்ளதையே வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் உங்களுக்குத் தேவைதான். ஆனால் அவ்வளவு பெரியது தேவையில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் 21 அங்குல இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தால், ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை சற்று ஏறி வருவதையும் திரும்பும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். 42 அங்குல இயந்திரத்தை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கர் முடியும். அதாவது உங்கள் புல்வெளி ஒன்றேகால் மணி நேர வேலை. 54 அங்குலம் வாங்கினால் மிச்சமாவது கால் மணி நேரம்தான். அதற்காக மரங்களுக்கு இடையே நுழைய முடியாத ஒன்றை வாங்குவது சரியல்ல.

இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசல் கேட், கொட்டகையின் கதவு, மரங்களுக்கு இடையே மிகக் குறுகிய இடம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 42 அங்குலம் என்பது பிளேடுகள் வெட்டும் அகலம் மட்டுமே. புல்லை வெளியே தள்ளும் வாய் பக்கவாட்டில் இன்னும் நீண்டிருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் அதன் முழு அகலத்தையும் கடையிலேயே அளந்துவிடுங்கள்.

அடுத்தது சரிவு. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் வைத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன்மேல் வைத்துச் சமப்படுத்துங்கள். தாழ்ந்த பக்கத்து முனைக்கும் தரைக்கும் இடையே 27 சென்டிமீட்டர் இருந்தால் அது 15 பாகைச் சரிவு. உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்களின் கையேடுகள் பெரும்பாலும் இதற்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்றே சொல்கின்றன; நின்ற இடத்திலேயே சுழலும் ‘ஜீரோ டர்ன்’ வகைகள் சிலவற்றுக்கு வரம்பு இதைவிடவும் குறைவு. சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும். தள்ளும் இயந்திரத்துக்கு இது நேர்மாறு, அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும். இதுவரை தள்ளிப் பழகிய ஆளையே ஓட்ட வைக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே இதை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது கல். நம் பக்கத்துச் செம்மண்ணில் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து புதிதாகக் கல் தலைகாட்டும். நேற்று இல்லாத இடத்தில் இன்று முட்டை அளவுக் கல் கிடக்கும். பிளேடின் நுனி பல இயந்திரங்களில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் சுழல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வெட்டிக்கொண்டிருந்தபோது, புளியங்கொட்டை அளவே இருந்த ஒரு கல் பறந்து போய் முப்பது அடி தள்ளியிருந்த ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடி முழுவதும் நொறுங்கவில்லை. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் எப்போதும் உட்கார்ந்து படிக்கும் பையன் அன்று ஊரில் இல்லை. அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் கையில் ஒரு கூடையுடன் நிலம் முழுவதும் நடந்து கல் பொறுக்காமல் நான் இயந்திரத்தை எடுப்பதில்லை. பாறை முகடு தெரியும் இடங்களைச் சுற்றி இரண்டு முழம் விட்டுவிட்டு, அங்கே மட்டும் நைலான் நரம்பு பூட்டிய கைக்கருவியால் வெட்டுங்கள்.

உங்களுக்கு மரங்கள் இருப்பதால் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வகையைவிட, மிதியை அழுத்துவதற்கேற்ப வேகம் கூடிக் குறையும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகையே ஏற்றது. மரமே இல்லாத நீண்ட வெளியாக இருந்தால் கியர் வகையைச் சொல்லியிருப்பேன். அதை உள்ளூர் மெக்கானிக் பிரித்துச் சரிசெய்துவிடுவார்.

கடைசியாக, கடைக்காரரிடம் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, “இந்த மாடலுக்கு டெக் பெல்ட் ஒன்றும் பிளேடு ஒரு ஜோடியும் இப்போதே எடுத்துக் கொடுங்கள், பணம் தருகிறேன்” என்று கேளுங்கள். டெக் பெல்ட் என்பது பிளேடுகளைச் சுழற்றும் பெல்ட். உள்ளே போய் எடுத்து வந்தால் நல்லது. “ஆர்டர் போட்டு வரவழைக்கலாம்” என்றால், மே மாத மழை தொடங்கி ஐப்பசி முடியப் புல் மளமளவென்று வளரும் ஓசூர் பக்கத்தில், பெல்ட் அறுந்த இயந்திரம் மூன்று வாரம் கொட்டகையில் நிற்கும் என்று அர்த்தம். அதற்குள் புல் முழங்காலைத் தொட்டிருக்கும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால், அப்படி வளர்ந்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவர நான்கைந்து முறை வெட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்களுக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூராவும் செந்தூராவும் வைத்திருக்கிறோம். மரங்களுக்கு நடுவே வளரும் புல்லையும் பார்த்தீனியத்தையும் இந்த இயந்திரத்தால் வெட்டலாமா? மானியம் கிடைக்குமா?

பதில்: வேண்டாம். இது புல்வெளிக்கென்று செய்யப்பட்ட இயந்திரம். தோப்பில் தண்டு தடித்த பார்த்தீனியமும், உழவு மேடும், விழுந்து காய்ந்த குச்சியும், கல்லும் கிடக்கும். ஒரு பருவத்திலேயே பிளேடு தாங்கும் அச்சின் பேரிங் தேய்ந்துவிடும். பெங்களூராவின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் உட்கார்ந்து ஓட்டும்போது முகத்தையும் கண்ணையும் காப்பதும் கடினம்.

உங்களுக்கு ஏற்றது சிறிய டிராக்டரின் பின்னால் பூட்டும் சிலாஷர். அது கல் பட்டால் சற்று மடங்கிக்கொடுக்கும் பிளேடுகளும், தடித்த தண்டைத் தாங்கும் கியர்பெட்டியும் உடையது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் தேவைப்படாது என்பதால் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களைப் பற்றியும், விவசாயக் கருவிகளுக்கான மானியத்தைப் பற்றியும் ‘உழவன்’ செயலியிலோ அத்துறையின் அலுவலகத்திலோ விசாரியுங்கள். தோப்பைப் பற்றிய மற்ற ஐயங்களுக்குப் பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

பார்த்தீனியத்தை மட்டும் பூப்பதற்கு முன் வெட்டிவிடுங்கள். பூத்த பின் வெட்டினால் விதையை நீங்களே தோப்பு முழுவதும் தூவியது போலாகும். அடிமரத்தைச் சுற்றி இரண்டடிக்குள் எந்த இயந்திரத்தையும் கொண்டுபோகாதீர்கள், பட்டையில் விழும் காயத்தின் வழியேதான் நோயும் தண்டு துளைப்பானும் உள்ளே போகின்றன. வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விடுங்கள். மழையில் செம்மண் அடித்துச் செல்லப்படாமல் அது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: தருமபுரி அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். விளையாட்டு மைதானத்துக்காக வாங்கிய இயந்திரம் கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் எடுத்தபோது ஸ்டார்ட் ஆகவே இல்லை. மெக்கானிக் கார்புரேட்டர் போய்விட்டது என்கிறார். போதாக்குறைக்கு மாதத்துக்கு இரண்டு முறை டயர் பஞ்சர் ஆகிறது. இயந்திரமே மட்டமானதா?

பதில்: இயந்திரத்தின் மேல் குற்றமில்லை ஐயா. இரண்டு மாதம் பெட்ரோலோடு நிறுத்தி வைத்ததுதான் காரணம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. பெட்ரோல் நாளாக ஆக ஆவியாகி, மீதம் பிசுக்காகக் கார்புரேட்டரின் நுண்துளையில் படியும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி மோந்து பாருங்கள்; பெட்ரோல் வாசனைக்குப் பதிலாக வார்னிஷ் வாசனை அடித்து, விரலில் பசை போல ஒட்டினால் அதுதான் நோய். கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். துளையில் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தச் சம்மதிக்காதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அதன் பிறகு பெட்ரோல் கட்டுக்கு அடங்காது. சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால்தான் புதிய கார்புரேட்டர் வாங்க வேண்டும்.

இனி இரண்டு வாரத்துக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் வாங்குங்கள். ஏப்ரலில் கடைசியாக வெட்டி முடித்ததும் டாங்கியைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போங்கள். சிறு எஞ்சின்களின் கையேடுகள் பல 10 சதவீத எத்தனாலைத்தான் ஏற்கின்றன என்பதால், உங்கள் எஞ்சின் 20 சதவீதத்துக்கு ஏற்றதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது.

பஞ்சருக்குக் காரணம் நெருஞ்சியாகத்தான் இருக்கும். அதன் காயை எடுத்துப் பாருங்கள்: ஆட்டுத்தலையில் கொம்பு முளைத்தது போல, எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். இந்த இயந்திரத்தின் டயரில் 10 முதல் 14 பவுண்டு காற்றுதான் இருக்கும், மெல்லிய ரப்பர். டயருக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிவிடுங்கள், பெரும்பகுதி தொல்லை தீரும். ஆனால் மாணவர்கள் வெறுங்காலுடன் ஓடும் மைதானத்தில் டயரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. நெருஞ்சி மஞ்சளாகப் பூக்கும்போதே, மழை ஈரத்தில், வேரோடு பிடுங்கிவிடுங்கள். அது தரையோடு படரும் கொடி என்பதால் எந்தப் பிளேடும் அதைத் தொடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மைதானத்துச் செம்மண் தூசிதான் எஞ்சினுக்கு முதல் எதிரி. ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கலாம் என்று கையேட்டில் இருந்தாலும், நீங்கள் ஒவ்வொரு முறை வெட்டிய பின்னும் பாருங்கள். காகித ஃபில்டரை மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். தண்ணீரில் கழுவினாலோ, பஞ்சர் கடையில் காற்று அடித்தாலோ கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்து தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். புது எஞ்சினின் ஆயிலை முதல் 5 முதல் 8 மணி நேரத்திலும், அதன் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். சைலன்சரைச் சுற்றிச் சிக்கும் காய்ந்த புல்லை எஞ்சின் ஆறியதும் தினமும் துடைத்துவிடுங்கள், கோடையில் அது தீப்பிடிக்கும்.

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் பண்ணையில் வேலை செய்பவர், இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது, வேலை கெடுகிறது என்று சீட்டுக்கு அடியில் இருந்த ஒயரைப் பிடுங்கி ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருக்கிறார். மாமனார் அப்படியே இருக்கட்டும் என்கிறார். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்தும் ஓட்டுகிறார். நான் எப்படிச் சொல்வது?

பதில்: அம்மா, இந்தப் பதிலை அப்படியே அவரிடம் காட்டுங்கள். ஓட்டுபவர் தவறி விழுந்தால் பிளேடு நிற்பதற்காகவே அந்தச் சுவிட்ச் இருக்கிறது. அதை முறுக்கிவிட்டால், விழுந்தவர் மீதே இயந்திரம் ஏறும். இன்றே அந்த ஒயரைப் பழையபடி சேர்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். பிள்ளைகளை மடியில் ஏற்றவே கூடாது. ஒரு முறை ஏற்றிய பிள்ளை, அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டதுமே தாத்தாவிடம் ஓடி வரும். பின்பக்கமாக வரும் வண்டியில் இருப்பவருக்கு அது கண்ணில் படாது. வெட்டும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்து, கூடவே பெரியவர் ஒருவரும் இருங்கள்.

கேள்வி: பிளேடை எத்தனை நாளுக்கு ஒரு முறை சாணை பிடிக்க வேண்டும்? — பாலக்கோடு வாசகர்

பதில்: நாள் கணக்கைவிடப் புல்லே சரியாகச் சொல்லும். வெட்டிய மறுநாள் காலை குனிந்து ஓர் இதழைப் பிடித்துப் பாருங்கள். கூரான பிளேடு வெட்டிய நுனி நேராக, பச்சையாக இருக்கும். மழுங்கிய பிளேடு பட்ட நுனி பிய்த்த நூல் போல வெளுத்து, இரண்டு நாளில் பழுப்பாகும். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் போதவில்லை என்று தோன்றும். கல் பட்ட சத்தம் கேட்டால் அன்றே கழற்றிப் பாருங்கள்.

முதலில் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றுங்கள், பிளேடைக் கையால் திருப்பும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்ட விபத்துகள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், கட்டை முட்டுக் கொடுங்கள். பழைய சாய்வு மாறாமல் அரத்தால் தீட்டினால் போதும், சவரக்கத்தி போல ஆக்க வேண்டியதில்லை. அப்படி ஆக்கினால் முதல் கல்லிலேயே மடங்கிவிடும். தீட்டி முடித்ததும் சுவரில் ஓர் ஆணியடித்து, நடுத்துளையில் பிளேடைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்றுத் தேய்த்து, படுக்கைவசமாக அசையாமல் நிற்கும் வரை பாருங்கள். விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, காற்றை மேலே தள்ளும் வளைவு தேய்ந்து மெலிந்திருந்தாலோ அந்தப் பிளேடைத் தீட்டாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.