நூறு கோடியே ஏழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறான். அவன் போடும் நிரல் கணக்குகள் பலவும் “விடையை 1000000007ஆல் வகுத்து மீதியைத் தருக” என்றே முடிகின்றன. ஏன் இந்த எண்? (தெம்பனிஸ் வாசகி)

பத்து இலக்கப் பகா எண்களில் ஆகச் சிறியது அது. எத்தனை வழிகள் என்று எண்ணும் கணக்குகளில் விடை நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு நீளும். மீதியை மட்டும் கேட்டால் கைக்கு அடங்கும். இரண்டு மீதிகளைக் கூட்டினாலும் 2000000012ஐத் தாண்டாது. கணினி எண்ணைச் சேமிக்கும் 32 பிட் இடத்தின் உச்சவரம்பு 2147483647, ஆகவே கூட்டல் அதற்குள் அடங்கும். பெருக்கினால் 64 பிட்டுக்குள் நிற்கும். ஆனால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் உடனே மீதி எடுக்கச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்துப் பெருக்கிவிட்டுக் கடைசியில் எடுத்தால் விடை கெட்டுவிடும்.

கேள்வி: அளவுதான் காரணமென்றால் 1000000000 போதாதா? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஜூரோங்)

போதாது. வகுத்தலில் மாட்டிக்கொள்வீர்கள். மீதிக் கணக்கில் 3ஆல் வகுக்க, 3உடன் பெருக்கினால் மீதி 1 தரும் துணை எண் வேண்டும். இங்கே அது 333333336. மூன்று மடங்கு 1000000008, மீதி 1. நூறு கோடியை வைத்துக்கொண்டால் 2க்குத் துணையே கிடையாது, ஏனெனில் 2இன் மடங்கை அதால் வகுத்தால் மீதியும் இரட்டைப்படையாகவே வரும். பகா எண்ணில் பூஜ்யம் தவிர எல்லா மீதிக்கும் துணை உண்டு. பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் சொன்ன தேற்றம் அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் தருகிறது: எண்ணின் 1000000005ஆம் அடுக்கை எடுங்கள். வர்க்கத்தின் மேல் வர்க்கமாகப் போனால் அறுபது பெருக்கலுக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: தொடக்கநிலை 6 படிக்கும் மகள் இது பகா எண்தானா என்று சோதிக்க விரும்புகிறாள். (செங்காங்)

31622 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவை ஏறக்குறைய 3,400. அதைக் கணினியிடம் விட்டுவிட்டு, அவள் பக்கத்து எண்களைப் பார்க்கட்டும்: 1000000001ஐ 7 வகுக்கும், 1000000003ஐ 23 வகுக்கும், 1000000005ஐ 5 வகுக்கும். 1000000009 மறுபடியும் பகா எண்!

கேள்வி: 1ஐ 7ஆல் வகுத்தால் 142857 சுழல்கிறது. இதிலும் அப்படி ஏதேனும் உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்)

அருமையான கேள்வி, ஐயா. இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். சுழலின் நீளம் 1000000006ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். அதுவோ 2 × 500000003. பின்னதும் பகா எண். ஆக, நீளம் 1, 2, 500000003, 1000000006 இவற்றில் ஒன்றுதான். நீளம் 1 என்றால் 9ஐயும், 2 என்றால் 99ஐயும் நம் எண் வகுக்க வேண்டும். வகுக்காது என்பதால் முதல் இரண்டும் அடிபட்டன. பாதி நீளம் வர, ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தை நம் எண்ணால் வகுத்து மீதி 10 வர வேண்டும். எதை எடுத்தாலும் வராது என்பதால் பாதி நீளமும் இல்லை. எனவே முழுச் சுழல், நூறு கோடியே ஆறு இலக்கங்கள்! 142உம் 857உம் சேர்ந்து 999 ஆவதுபோல, இதன் இரு பாதிகளும் சேர்ந்தால் எல்லாம் 9. முதல் பாதி ஒன்பது பூஜ்யங்களில் தொடங்குகிறது. இரண்டாம் பாதி ஒன்பது 9களில்.

கேள்வி: இதை வைத்து வங்கித் தகவலைப் பூட்டலாமா? (உட்லண்ட்ஸ்)

கூடாது. பகா எண்களால் தகவலைப் பூட்டும் RSA என்னும் முறைக்கு ஒவ்வொன்றும் முந்நூறு இலக்கங்களுக்கு மேல் நீளும் இரண்டு பகா எண்கள் வேண்டும்.