பதில்: ஓசோன் போட்டபின் நெடி, பவளங்கள் சுருங்குகின்றன
நண்பரே, பவளங்கள் வளர்க்கும் உங்கள் கடல்நீர்த் தொட்டியில் மஞ்சள் நிறம் போக ஓசோன் போட்டபின் நெடி அடிக்கிறது, பவளங்கள் சுருங்குகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நெடி அடிக்கிறது என்றால் முதலில் ஓசோனைஸரை (ஓசோன் உண்டாக்கும் கருவியை) அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஓசோன் மூச்சுக்குழாயைப் பாதிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

தண்ணீரின் மஞ்சள் நிறம் போக ஓசோன் நன்றாகவே உதவும். ஆனால் ஸ்கிம்மரிலிருந்து (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவியிலிருந்து) வெளிவரும் காற்று, தண்ணீர் இரண்டுமே ஆக்டிவேட்டட் கார்பன் வழியாகப் போக வேண்டும். நீங்கள் தண்ணீர்ப் பக்கம் கார்பன் வைத்ததாகச் சொல்லவில்லை. கடல்நீரிலுள்ள புரோமைடு ஓசோனுடன் வினைபுரிந்து ஹைப்போபுரோமைட் போன்ற, உயிர்களைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் உண்டாகும், அவை ஓசோனைவிட நீண்ட நேரம் தொட்டியில் தங்கும். பவளங்கள் சுருங்குவதற்கு இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஓ.ஆர்.பி. கன்ட்ரோலர் (தண்ணீரின் ஆக்ஸிஜனேற்றத் திறனை அளந்து ஓசோனைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் தயவுசெய்து ஓசோனைஸரை ஓட்டாதீர்கள். 350 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள், 400ஐத் தாண்டவே விடாதீர்கள். அதன் அளக்கும் முனையில் (புரோப்) பாசி படிந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஓசோன் பட்டால் ரப்பர் குழாய் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும், சிலிகான் குழாய் போடுங்கள்.

தண்ணீரில் நைட்ரேட் (தீனி, கழிவிலிருந்து சேர்வது) 40 பிபிஎம் என்றீர்களே, அதை ஓசோன் குறைக்காது. தீனியைக் குறைத்து, தண்ணீர் மாற்றுங்கள். நிறம் மட்டும்தான் கவலை என்றால், ஓசோனை மறுபடி போடும்முன் புதுக் கார்பன் மட்டும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.