கணக்கை கீபோர்டில் அடிக்கும்போது வரும் *, ^, / குறிகளைப் புரிந்துகொள்வது எப்படி?

வீட்டில் பிள்ளைக்கு ஆன்லைன் டெஸ்ட் போல. நோட்டில் சரியாகப் போடுகிற கணக்கை கம்ப்யூட்டரில் அடித்தால் தப்பு என்கிறது, அதுதானே?

* பெருக்கல். × போட்டால் எக்ஸ் எழுத்தோடு குழம்பும், கீபோர்டிலும் அது கிடையாது. / வகுத்தல். ^ அடுக்கு, 5^2 என்றால் 25. <= என்றால் குறைவு அல்லது சமம். இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் பழகிவிடும். ஆளைக் கவிழ்ப்பது அடைப்புக்குறி.

மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை (கம்ப்யூட்டரில் டைப் அடித்து பிரிண்ட் போட்டுத் தருவது) வைத்திருக்கிறேன். பரீட்சை சமயத்தில் ட்யூஷன் சென்டர் கேள்வித்தாள்கள் வந்து குவியும். திருமங்கலத்து மாஸ்டர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பிய தாளில் 3+1/3-1 என்று இருந்தது. போன் போட்டு, "சார், கோட்டுக்கு மேல எது, கீழ எது?" என்றேன். "வந்ததை அப்படியே அடிங்க தம்பி, பசங்களுக்குத் தெரியும்" என்றார். அப்படியே எக்செல்லில் அடித்தேன், 2.33 சொச்சம் வந்தது. (3+1)/(3-1) என்று அடித்தால் 2. இரண்டையும் படம் பிடித்து அனுப்பினேன். ராத்திரி தாள் முழுக்க அடைப்புக்குறியோடு திரும்பி வந்தது. இப்போதெல்லாம் தேவையில்லாத இடத்திலும் போடுகிறார், நான் வாயைத் திறப்பதில்லை.

நோட்டில் போடுகிற பின்னக்கோடே மேல், கீழ் எல்லாவற்றையும் கட்டிவைத்துவிடும். கீபோர்டில் எல்லாம் ஒரே வரி. கம்ப்யூட்டர் பெருக்கல் வகுத்தலை முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்டல் கழித்தலுக்கு வரும்.

கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் பன்னிரண்டாவதில் காமர்ஸ் குரூப். மென்பொருளுக்கு மென்பொருள் பழக்கம் மாறும் என்பதும் தெரியும். எக்செல்லில் =-3^2 அடித்தால் 9. பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம், -3**2 என்றால் -9. அங்கே 3^2 அடித்தால் 1 வரும், ஏனென்றால் பைத்தானில் ^ குறிக்கு வேறு வேலை. ஆகவே பிள்ளை எதில் அடிக்கிறது என்று முதலில் பாருங்கள். வேர்டில் என்றால் ஆல்ட்டையும் = குறியையும் சேர்த்து அமுக்குங்கள், சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதில் (3+1)/(3-1) அடித்து ஸ்பேஸ் தட்டினால் கோடு போட்ட பின்னமாகவே நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவத்தில் காட்டும் பழைய பாமினி ஃபான்டில் தமிழ் அடித்துவிட்டு, ஃபான்டை மாற்றாமல் சமன்பாட்டையும் அடித்துக் கொண்டுவருகிறார்கள். அதில் எக்ஸ் 'ஒ' ஆகிவிடும், ஒய் 'ல' ஆகிவிடும். பென்டிரைவை நீட்டி "பிரிண்ட் மட்டும்தானே அண்ணே" என்கிறார்கள். ஒவ்வொரு 'ஒ'வாகத் தேடி மாற்றுவது யார்? கட்டுரைப் பக்கத்துக்கும் கணக்குப் பக்கத்துக்கும் ஒரே ரேட் என்றால் கட்டாது. நான் கணக்குப் பக்கத்துக்கு ஒன்றரை மடங்கு வாங்குகிறேன். அதிகம் என்பவர்களுக்கு இந்தத் தெருவிலேயே வேறு கடைகள் இருக்கின்றன.