ஸ்டாம்பு பேப்பரில் முடியாத கணக்கு

டெல்டா பக்கத்து மில், பட்டறை முதலாளிகளின் கேள்விகள். தொழிலாளர் வழக்குகளோடு இருபது வருடம் மல்லாடியவனின் பதில்கள்.

மன்னார்குடி, அரவை மில்: 2024 குறுவை சமயம் மூட்டை அட்டி சரிந்து லோடுமேன் ஒருவர் இறந்துவிட்டார். வயது 40. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, அவர் மனைவி கையில் 3 லட்சம் கொடுத்து எழுதி வாங்கினோம். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆளை அனுப்பியதே மேஸ்திரிதானே சார்?

பதில்: இப்படி எழுதி வாங்கிய பேப்பரை லேமினேட் செய்துகூட என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். செல்லாது. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்டினால்தான் கொடுத்ததாகக் கணக்கு. கையில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரைதான் கழியும்.

விபத்து 2024இல் என்பதால் உங்களுக்குப் பழைய 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான். மாதச் சம்பளம் 15,000க்கு மேல் கணக்கில் வராது. அதில் பாதி 7,500. நாற்பது வயதுக்குச் சட்ட அட்டவணை சொல்லும் 184.17ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். கையில் கொடுத்ததில் கழியும் மூன்று மாதச் சம்பளம் 45,000 போக மீதிக்கு, ஒரு மாதத்தில் கட்டாததால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் விழும். இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் அசலும் வட்டியும் அந்தக் கம்பெனி கட்டும், அபராதம் உங்கள் தலையில்தான்.

மேஸ்திரி விஷயம்: மில் வேலைக்கு வந்த ஆள் என்பதால் உங்களிடமே கேட்கலாம். கட்டிவிட்டு மேஸ்திரியிடம் வசூலியுங்கள். அவரிடம் இருப்பது ஒரு பைக்கும் கூலி நோட்டும்தான், அது வேறு கதை.

நாச்சியார்கோவில், விளக்குப் பட்டறை: கடைசல் மெஷினில் ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் முழுதும் போய்விட்டது. குடித்திருந்தான் என்கிறார்கள்.

பதில்: யார் என்கிறார்கள்? குடிதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபித்தால் தப்பலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் அது நிற்காது. அந்த விரலுக்குச் சட்ட அட்டவணையில் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. முதலில் மெஷினுக்கு மூடி போடுங்கள்.

திருவாரூர், அறுவடை மெஷின்: டிரைவர் வீட்டிலிருந்து வயலுக்கு பைக்கில் வரும்போது விழுந்தால் எங்கள் பொறுப்பா அண்ணே?

பதில்: ஆகலாம். சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் இறந்த காவலாளி வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. நேரமும் வழியும் வேலையோடு பொருந்த வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது எழுத்தில் இருக்கிறது.

பட்டுக்கோட்டை, நார் மில்: முன்பு 12 பேர், இப்போது 7. கிராஜுவிட்டி உண்டா?

பதில்: உண்டு. ஒருமுறை ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் சட்டம் விடாது. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். 30 நாளில் கொடுத்துவிடுங்கள்.