அப்பா பேச்சில் ஒரு சிசாட் கேள்வி

தம்பி, நீங்கள் அனுப்பிய சிசாட் மாக் டெஸ்ட் விடைத்தாளைப் பார்த்தேன், அதாவது யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலையில் (பிரிலிம்ஸ்) வரும் இரண்டாம் தாளுக்கானது. கணக்கில் பெரிதாகத் தப்பில்லை. பத்தி படித்துப் பதில் சொல்லும் பகுதியில்தான் அடி, அதிலும் 'பின்வரும் அனுமானங்கள் செய்யப்பட்டுள்ளன, இவற்றில் எது சரி' என்று வரும் ஒன்பது கேள்விகளில் ஏழு போயிருக்கிறது. 2015இல் சிசாட்டை வெறும் தகுதித் தாளாக மாற்றியதிலிருந்து எல்லோருக்கும் அதன்மேல் ஓர் அலட்சியம். 200க்கு 33 சதவீதம் போதும், 80 கேள்வியில் 27 மட்டும் சரியாகப் போட்டு மீதியைத் தொடாமல் விட்டாலே தாண்டிவிடலாம் என்பது சரிதான். ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் அந்தக் கேள்வியின் இரண்டரை மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிவதால், உங்கள் ஏழு தப்பு கிட்டத்தட்ட 6 மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது.

நீங்கள் தடுக்கி விழும் இடம் பாதி மொழியால் வருவது என்று நினைக்கிறேன். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், நீங்களோ தமிழ் நோட்ஸை வைத்துப் படிக்கிறீர்கள், அந்த நோட்ஸில் 'அஸம்ப்ஷன்' என்பதற்கும் அனுமானம், 'இன்ஃபரன்ஸ்' என்பதற்கும் அனுமானம். இரண்டும் எதிர் எதிர் திசை. மலையில் புகை தெரிகிறது, ஆக அங்கே நெருப்பு இருக்கிறது என்று நம் பழைய தருக்கத்தில் சொல்வார்களே, அதில் 'நெருப்பு இருக்கிறது' என்பது புகையைப் பார்த்து நாம் போய்ச் சேர்ந்த இடம், அதாவது இன்ஃபரன்ஸ். 'புகை இருந்தால் நெருப்பு இருக்கும்' என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அது கிளம்பும்போதே மடியில் கட்டிக்கொண்டு வந்தது. அஸம்ப்ஷன் கேள்வி கேட்பது இந்த மடியில் இருப்பதைத்தான். நீங்கள் ஏழில் ஐந்து இடத்தில் பத்தியிலிருந்து கிடைக்கும் முடிவை டிக் செய்திருக்கிறீர்கள்.

சரி, உங்கள் மெயிலிலேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. 'பக்கத்து வீட்டு அண்ணன் அந்த கோச்சிங் சென்டரில் சேர்ந்தான், முதல் முயற்சியிலேயே பிரிலிம்ஸ் தாண்டிட்டான், நீயும் சேர், தாண்டிடுவே' என்று அப்பா சொல்கிறாராம். இதில் மறைந்திருப்பது எது? ஒன்று, அந்த சென்டரில் படித்தது அண்ணன் தேறியதற்குக் கொஞ்சமாவது உதவியது. இரண்டு, சென்டருக்குப் போகாமல் யாராலும் தேற முடியாது. மூன்று, ஊரிலேயே அதுதான் நல்ல சென்டர்.

ஒவ்வொன்றையும் மறுத்துப் பாருங்கள். மூன்றாவதை மறுத்தால், அதைவிட நல்ல சென்டர் வேறு இருக்கிறது என்றாகும். இருக்கட்டுமே, அப்பா பேச்சுக்கு ஒரு சேதமும் இல்லை. இரண்டாவதை மறுத்தால் சென்டர் போகாமலும் சிலர் தேறுகிறார்கள், அப்போதும் அவர் சொன்னது நிற்கும். முதலாவதை மறுங்கள்: அங்கே படித்தது அண்ணனுக்கு எந்த வகையிலும் உதவவில்லை, அவன் வீட்டில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்துத்தான் தேறினான். இப்போது அப்பாவின் பேச்சு பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. மறுத்ததும் எது வாதத்தைச் சாய்க்கிறதோ அதுதான் விடை.

மறுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். 'எல்லோரும் வருவார்கள்' என்பதன் மறுப்பு 'சிலராவது வரமாட்டார்கள்' என்பதுதான், 'யாருமே வரமாட்டார்கள்' என்று தாவிவிட்டால் சோதனையே கெட்டுவிடும். அப்புறம் 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'பெஸ்ட்' மாதிரி வார்த்தைகள் தெரிந்தால் பென்சிலால் வட்டம் போடுங்கள். மேலே இரண்டாவதும் மூன்றாவதும் செத்தது அந்த 'யாராலும்', 'அதுதான்' என்ற முரட்டு வார்த்தைகளால். அப்படி வந்தாலே தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொல்லும் யூடியூப் குறுக்குவழியை நான் நம்புவதில்லை, பத்தியே அவ்வளவு அழுத்தமாகப் பேசியிருந்தால் விடையும் அழுத்தமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, நல்ல கருத்து என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள். உங்கள் நான்காவது தப்பு அதுதான்: பத்தி விவசாயக் கடனைப் பற்றி, நீங்கள் போட்டது இயற்கை விவசாயம் மண்ணுக்கு நல்லது என்பதை. உண்மைதான், ஆனால் அந்த வாதம் அதன்மேல் சாயவே இல்லை.

யுபிஎஸ்சி பத்திகளில் எல்லாம் இவ்வளவு சுத்தமாக வேலை நடக்காது, ஒரே பத்தியில் இரண்டு மூன்று கருத்து கலந்து கிடக்கும். முதலில் பத்தி எதை நிறுவப் பார்க்கிறது என்று ஒரே வரியில், தமிழிலேயே, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகுதான் மறுத்துப் பார்ப்பது. பழைய கேள்வித்தாள்கள் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. தினம் நாலு கேள்வி போதும், ஆனால் தப்பான விடையையும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

சென்டர் விஷயத்தில் அப்பாவிடம் லாஜிக் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், வீட்டில் அது எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனைப் போய்ப் பாருங்கள், அப்பாவும் கூட வரட்டும். சிசாட்டுக்கு அங்கே என்ன நடத்தினார்கள், அவன் வீட்டில் தனியாக என்ன படித்தான் என்று கேளுங்கள். ஃபீஸ் கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் பேசலாம்.