லிங்க்ட்இன்னில் தினமும் எழுதியும் யாரும் கண்டுகொள்ளவில்லை – பதில்

தம்பி, மார்த்தாண்டத்தில் தேன் பதப்படுத்தும் இடத்தில் தரப் பரிசோதனை பார்க்கிறீர்கள், பெரிய உணவு நிறுவனத்துக்குப் போக வேண்டும், லிங்க்ட்இன்னில் தினமும் ஊக்க வாசகம் போட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். ஊக்க வாசகம் யார் வேண்டுமானாலும் போடலாம். உங்கள் கையில் இருக்கும் வேலை அப்படியல்ல.

ரப்பர் மரம் தளிர்விடும் மாசி, பங்குனியில் வரும் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். "சீனி கலந்திருக்கு" என்று வாங்கினவர் சண்டைக்கு வருவார். அவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? அந்தத் தேன் பூவிலிருந்து அல்ல, ரப்பர் இலைக்காம்பில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது என்பதே வெளியே பலருக்குத் தெரியாது. ஒரு துளியை ரிஃப்ராக்டோமீட்டரில் (தேனின் ஈரப்பதம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் ஒதுக்கி வைக்கிறீர்கள்? இதையெல்லாம் எழுதுங்கள். வாரம் ஒன்று போதும். முதல் இரண்டு மூன்று வரிதான் உடனே கண்ணில் படும், விஷயத்தை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பெயருக்குக் கீழே "வேலை தேடுகிறேன்" வேண்டாம். "தேன் தரக் கட்டுப்பாடு" என்று போடுங்கள். வேலை தேடுவதை ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. ஆனாலும் உங்கள் முதலாளிக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை, கவனம். கம்பெனி ரிப்போர்ட், லேபிள் எதுவும் படத்தில் வரக்கூடாது.

அப்புறம், ஆங்கிலம் சரளமில்லை என்ற தயக்கம் வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். நீங்கள் சொல்லும் அளவீடு சரியாக இருக்கிறதா என்றுதான் தரத்துறை ஆட்கள் முதலில் பார்ப்பார்கள். முதல் பதிவை எழுதியதும் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.